மூணாம் நம்பர் கவர்

அந்த வாரம் முழுக்க மழை. சலவைக்கடைக்கு மழை என்றால் ஒரு பக்கம் கொண்டாட்டம், ஒரு பக்கம் தலைவலி. துணி வந்து குவியும், எதுவும் காயாது. உலர்த்துகிற மெஷின் இரண்டும் காலையிலிருந்து ஓய்வில்லாமல் சுற்றும். கண்ணாடிக் கதவில் ஆவி படிந்து தெருவே தெரியாது. கடையின் வலது மூலையில், ஜன்னலை ஒட்டி, என் தையல் மெஷின். ஜிப் மாற்றுவது, பேன்ட் உயரம் குறைப்பது, பட்டன் வைப்பது, கிழிந்ததை ஒட்டுப்போடுவது, இவ்வளவுதான் என் தொழில். பதினாலு வருஷமாக அதே மூலை. கடை என்னுடையது இல்லை, இடம் மட்டும் தந்திருக்கிறார்கள். ஆனால் இந்தக் கடையில் எனக்குத் தெரியாமல் ஒரு குண்டூசி விழாது என்று நான் பெருமை அடித்துக்கொள்வதுண்டு. அது எவ்வளவு வெட்டிப் பெருமை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கடைக்காரனுக்கு நீராவி என்று பெயர் வைத்தது நான். நாள் பூராவும் இஸ்திரி பிரஸ் முன்னால் நிற்கிறவன். கோபம் வந்தால் புஸ்ஸென்று கிளம்பும், இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும். அவன் மனைவியை நான் தங்கச்சி என்பேன். ரத்த சொந்தம் ஒன்றும் கிடையாது, என்னைவிட எட்டு வயது சின்னவள் என்பதால் அப்படி. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று துணி வாங்குவது, எண் போடுவது, பாக்கெட் பார்ப்பது எல்லாம் அவள் வேலை. மகள் ஒருத்தி, பதினாறு வயது, பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடுகிறவள். வீட்டில் அவளுக்கு மூணு என்று பெயர். கடையில் ஒவ்வொரு துணிக்கும் எண் எழுதிய சின்னத் துண்டு தைப்பது வழக்கம். வீட்டுத் துணிக்கும் எண் உண்டு. அப்பா ஒன்று, அம்மா இரண்டு, மகள் மூன்று. நாலு வயதில், தான் ஏன் ஒன்று இல்லை என்று கேட்டுத் தரையில் புரண்டு அழுதாளாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

பாக்கெட் பார்ப்பது என்று சொன்னேன். சலவைக்காரர்களுக்கு அதுதான் உயிர்நாடி. ஒரு பேனாவோ ஒரு உதட்டுச்சாயமோ உள்ளே போய்விட்டால் மெஷின் துணி மொத்தமும் பாழ். அதனால் கை முதலில் பாக்கெட்டுக்குள் போகும். கிடைத்ததைச் சின்னக் காக்கிக் கவரில் போட்டு, எண் எழுதி, துணி சலவையாகி வந்ததும் அதோடு சேர்த்துப் பின் குத்திவிடுவார்கள். யாரிடமும் எதையும் கேட்பதில்லை. ரொம்ப வருஷத்துக்கு முன்னால், ஒருவர் கோட்டில் கிடைத்த தோட்டைத் தங்கச்சி நல்லெண்ணத்தோடு அவர் மனைவி கையில் கொடுத்து, உங்க தோடா பாருங்க என்று கேட்டுவிட்டாள். அது அந்த அம்மாவின் தோடு இல்லை. மறுநாள் அந்த ஆள் வந்து கல்லாவைத் தட்டிக் கத்தியதில் தெருவே கூடிவிட்டது. அன்றோடு நீராவி சட்டம் போட்டுவிட்டான். கை போடும், கண் பார்க்காது, வாய் கேட்காது. தங்கச்சி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பாக்கெட்டில் எதைக் கண்டாலும் முகம் மாறாது அவளுக்கு. நான்கூட மெச்சியிருக்கிறேன்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். மூணு வகுப்பில் மேசை மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாள், எழுப்பினால் எழவில்லை, பிறகு எழுந்தவள் தள்ளாடினாள், வீட்டில் யாராவது உடனே வரவேண்டும். நீராவி ஆஸ்பத்திரி கோட்டுகளைப் பிரஸ்ஸில் போட்டுக்கொண்டிருந்தான், சாயந்தரத்துக்குள் போயாக வேண்டியவை. தங்கச்சி குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"காலையில சாப்பிடல. அதான் மயக்கம்," என்றான் நீராவி.

"இருக்கும்," என்றேன்.

"முட்டை அவிச்சு வெச்சா. தொட்டுக்கூட பாக்கல. இந்த வயசுல என்ன சாப்பாட்டு மேல வெறுப்பு?"

"ஆட்டம், படிப்புன்னு ஓடறா. களைப்பா இருக்கும் தம்பி."

சொல்லும்போதே எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு ஜிப்பைத் தைக்க ஆரம்பித்தேன். ஊசி இரண்டு தரம் உடைந்தது.

மூன்று மணி வாக்கில் வந்தார்கள். மூணு முகத்தைக் காட்டாமல் நேராக மாடிப்படி ஏறிவிட்டாள். வீடு கடைக்கு மேலேதான். தங்கச்சி நனைந்த குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். கையில் ஒரு காக்கிக் கவர். அதைக் கல்லா மேல் வைத்தாள்.

"இது யாரு எழுதினது? பாத்துச் சொல்லுங்க."

நீராவி குனிந்து பார்த்தான். "நீதான். உன்னோட மூணுதான் இது. கீழ வால் நீட்டி எழுதுவியே."

"அப்ப நான்தான். அதுல சந்தேகம் இல்லல்ல?"

"என்னடி ஆச்சு உனக்கு?"

"உள்ள பாருங்க."

உள்ளே ஒரு மாத்திரை அட்டை. பத்தில் ஆறு காலி.

"மயங்கினப்ப இது அவ ஸ்கூல் பையில இருந்துச்சாம். டீச்சர் என்னை உக்கார வெச்சுக் கேக்கறாங்க. 'நீங்களே கவர்ல போட்டு, நம்பர் எழுதி, பொண்ணுகிட்ட குடுத்து விடறீங்களா'ன்னு. இல்லன்னு சொல்ல வாயைத் திறந்தேன். பாத்தா என் கையெழுத்து. என்னன்னு சொல்றது நான்? ஆமான்னா இல்லன்னா?"

"எதுக்குக் குடுக்கப்போற நீ?"

"அதைத்தான் நானும் உங்களைக் கேக்கறேன்."

நீராவி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாத்திரைதானே. வலிக்கு ஏதாவது போட்டிருப்பா. இதுக்கா இவ்வளவு அமர்க்களம்?"

"சாதா மாத்திரை இல்லையாம். பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம். மூச்சு, நாடி எல்லாம் பாத்தாங்க, ரெண்டு மணி நேரம் படுக்க வெச்சுதான் அனுப்பினாங்க. அங்க நர்ஸ் சொல்றா, இது டாக்டர் எழுதிக் குடுத்தாதான் வாங்கணும், போதைக்குன்னே சாப்பிடற பசங்க இருக்காங்க, உடம்பு பழகிடும்னு. என்னை மூணு கேள்வி கேட்டா. எத்தனை மாசமா சாப்பிடறா, ஒரு நாளைக்கு எத்தனை, யாரு குடுக்கறா. மூணுக்கும் தெரியலன்னேன். நிமிந்து பாத்தா பாருங்க ஒரு பார்வை."

"அப்புறம்?"

"வீட்டுல கேளுங்கம்மா, திட்டாம கேளுங்க, நீங்களா சட்டுனு நிறுத்த வைக்காதீங்க, சனிக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்கன்னா. அதுக்குள்ள அவ உள்ளதைச் சொல்லிட்டா நல்லதாம். மறைச்சிட்டா டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாதாம். வழியெல்லாம் கேட்டுட்டேன். ஒரு வார்த்தை பேசல."

"என்ன கேட்ட?"

"ஏன்டி, ஏன்டின்னு கேட்டேன்."

மூன்று பேரும் அந்தக் கவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்று சொல்ல ஆசை. உண்மை அப்படியில்லை. எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே புரிந்துவிட்டது. தங்கச்சிதான் மெதுவாக அங்கே வந்து சேர்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை சாயந்தரம்," என்றாள். "வீட்டுத் துணி கடைசி லோடுல போடுவேன். கூட்டம் நெரியும் அப்ப. கை பாக்கெட்டுல போயிருக்கு, எடுத்திருக்கு, கவர்ல போட்டிருக்கு. நானேதான் எழுதியிருக்கேன். நான் பாக்கல."

"மாத்திரைன்னு கூடவா தெரியல?"

"உங்க பாக்கெட்டுல இல்லாத நாள் உண்டா? ஒண்ணாம் நம்பர் கவர்ல மாத்திரை, மூணாம் நம்பர் கவர்ல மாத்திரை. வீட்டுத் துணின்னா மாத்திரை இருக்கும். கைக்கு அதுதான் தெரியும்."

அவன் கண் தானாகப் பிரஸ் பக்கம் போனது. பிரஸ்ஸுக்கு மேலே பலகையில் ஒரு தகர டப்பா இருக்கும். இடுப்பு வலிக்குக் கடையில் கேட்டால் கொடுக்கிற சாதாரண வலி மாத்திரை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, வேலை கூடினால் இன்னொன்று. வேலை நடக்கணுமில்ல என்று சொல்லிக்கொண்டே வாயில் போட்டுக்கொள்வான். கடலை கொறிக்கிற மாதிரி கொறிக்கிறான் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

பேச முடியாதபோது நீராவிக்குக் கோபம்தான் வரும். தடதடவென்று மாடி ஏறினான். என் தலைக்கு மேலே மரத்தரை அதிர்ந்தது. வாயை ஊது என்கிறான். பையைக் கவிழ்க்கிற சத்தம். போனைக் கொடு என்கிறான். யாருடி குடுத்தது, பேரைச் சொல்லு, இப்பவே போய் நாலு கேள்வி கேக்கறேன். அவள் குரல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கால் மணி கழித்து, இரண்டு கையாலும் அணைத்து எடுத்த துணிக்குவியலோடு இறங்கி வந்தான். மகளுடைய பேன்ட், ஜாக்கெட், பள்ளிக்கூடப் பாவாடை எல்லாம். என் மேசை மேல் போட்டான்.

"அக்கா, எல்லா பாக்கெட்டையும் தைச்சு மூடுங்க."

"என்னது?"

"வாயைத் தைச்சு விடுங்க அக்கா. பாக்கெட்டே இல்லன்னா எங்க வெப்பா?"

"கைக்குள்ள வெப்பா. செருப்புக்குள்ள வெப்பா. உலகத்துல இடமா இல்ல?"

"தெரியும் அக்கா. தைங்க."

அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கே அது கிறுக்குத்தனம் என்று தெரிந்திருந்தது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. தங்கச்சியைப் பார்த்தேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவள் நூல்கண்டுப் பெட்டியை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். பதிமூன்று பாக்கெட். சாயந்தரம் வரை தைத்தேன். கருநீலத்துக்குக் கருநீல நூல், சாம்பலுக்குச் சாம்பல். தையல் வெளியில் தெரியாமல் அழகாக வந்தது. செய்ய ஏதோ ஒன்று கிடைத்ததில் நிம்மதியாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமையும் மழை விடவில்லை. மூணு இனிப் பள்ளிக்கூடத்துக்குத் திங்கட்கிழமை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் ரொட்டியும் டீயும் மேலே போயின, அப்படியே திரும்பி வந்தன. தங்கச்சி ஐந்து தடவை படி ஏறினாள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு சாக்கு. போர்வை எடுக்க, ஜன்னல் சாத்த, வாளி வைக்க. இறங்கி வருவாள், என் பக்கத்தில் நிற்பாள்.

"கேட்டியா?"

"குளிருதான்னு கேட்டேன்."

"அதையா கேக்கச் சொன்னாங்க?"

"வேற எப்படி ஆரம்பிக்கறது அக்கா? எத்தனை மாசமான்னு கேட்டா போலீஸ் மாதிரி இருக்கு. ஏன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறா. திட்டாம கேளுங்கன்னு நர்ஸ் சொல்லிட்டா, திட்டாம கேட்டுப் பழக்கம் இருந்தாதானே? கடைக்கு வரவங்ககிட்ட தேதியும் கறையும் கேப்பேன். இவகிட்ட சாப்பிட்டியா, படிச்சியா. அதுக்கு மேல நான் அவகிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல போல இருக்கு."

"நல்ல பொண்ணு, கேக்கத் தேவையில்லன்னு இருந்துட்ட."

"ஆமா. ரொம்ப சமத்துன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

அழுகை வருகிற குரல்தான். அதற்குள் யாரோ சேறான பேன்ட் கொண்டுவந்து நிற்க, அவள் போய் எண் போட்டாள். கை பாக்கெட்டுக்குள் போனது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குக் கடையைச் சாத்தி, பின்னால் மடிப்பு மேசையில் சோறும் உருளைக்கிழங்கும் வைத்து உட்கார்ந்தோம். யாரும் கூப்பிடாமல் மூணு இறங்கி வந்தாள். பள்ளிக்கூட ஜாக்கெட் போட்டிருந்தாள். கையை வழக்கம்போல் பாக்கெட்டில் விடப் போனாள். விரல் துணியில் முட்டி நின்றது. குனிந்து தையலைத் தடவிப் பார்த்தாள். அடுத்த பக்கம். உள்பக்கம். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"பெரியம்மா வேலையா?" என்று என்னைக் கேட்டாள்.

"உங்கப்பா சொன்னாரு," என்றேன். ஐம்பது வயதில் இப்படி ஒரு பதில்.

"உக்காரு, சாப்பிடு," என்றாள் தங்கச்சி.

"அம்மா, நீ எப்பவும் இதைத்தான் சொல்ற."

அவள் கையில் ஒரு பழைய செருப்புப் பெட்டி இருந்தது. அதைத் திறந்து, தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். காக்கிக் கவர்கள். எட்டு. எல்லாம் காலி. எல்லாவற்றிலும் மூன்று.

"பள்ளிக்கூடத்துல எடுத்ததோட ஒம்பது," என்றாள்.

நீராவி எழுந்திருக்கப் பார்த்தான். தங்கச்சி அவன் தொடை மேல் கை வைத்து உட்காரவைத்தாள்.

"முதல் தடவை மறந்துட்டேன். நிஜமா மறந்துட்டேன். துணியைக் கீழ போட்டுட்டு விளையாடப் போயிட்டேன், அங்க போனப்புறம் ஞாபகம் வந்துச்சு. பந்தை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தேன். துணியெல்லாம் மடிச்சு கட்டில் மேல இருக்கு. மேல கவர், பின் குத்தி. கீழ வந்தேன். நீ நிமிந்து பாத்து, முட்டை போடவான்னு கேட்ட."

"நான் பாக்கலடி."

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? நீதானே எழுதியிருக்க. விடிய விடிய தூங்கல. காலையில நீ கேப்பேன்னு பாத்தேன். கேக்கல. ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் ரெண்டாவது தடவை வேணும்னே விட்டேன்."

"வேணும்னேவா?"

"கேக்கறியா இல்லையான்னு பாக்க. அதுவும் கவர்ல வந்துச்சு. அப்ப நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அம்மாவுக்குத் தெரியும், தெரிஞ்சும் பரவால்லன்னு திருப்பிக் குடுக்கறா. அப்பாவும்தானே சாப்பிடறாரு. அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு, கடைக்கு வரவங்களை மாதிரி நானும் ஒரு நம்பர்னு தோணுச்சு. அப்புறம் எதுவும் தோணல. மாத்திரை போட்டா எதுவும் தோணாது."

நீராவிதான் கேட்டான். குரல் அவன் குரலாகவே இல்லை.

"யாரு முதல்ல குடுத்தது?"

"நீங்கதான்."

"நானா?"

"முட்டியில அடிபட்டு வந்தேனே, எட்டு மாசம் முன்னாடி. வலிக்குதுன்னேன். டப்பாவுல இருந்து எடுத்து, பாதியா உடைச்சு, இதைப் போட்டுக்க, நாளைக்கு ஓடலாம்னீங்க. ஓடினேன். அப்புறம் நானே எடுத்துக்கிட்டேன். நீங்க எண்ணி வெக்கறதில்லையே. அப்புறம் அது கேக்கல. எங்க டீம்ல ஒரு அக்கா, இது அதைவிட நல்லா கேக்கும்னு குடுத்தா. முட்டி வலி போயி ரொம்ப நாளாச்சு. இதை விட முடியல."

எத்தனை மாசம், எத்தனை மாத்திரை, யார் கொடுத்தது. நர்ஸ் கேட்ட கேள்விகளில் இரண்டுக்குப் பதில் வந்துவிட்டது. ஆனால் அதைக் கேட்டு வாங்கியது நாங்கள் இல்லை. அவளே கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

நீராவி எதையாவது பார்க்கவேண்டுமே என்று கவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றைத் தனியாக நகர்த்தினான்.

"இது உன் மூணு இல்லையே," என்றான் தங்கச்சியிடம். "இது மேல தட்டையா இருக்கு."

நான் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்தேன். துணியில் சாக்கட்டியால் அளவு எழுதி எழுதி என் மூன்றுக்கு மண்டை தட்டையாகிவிடும். கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும்.

"விளையாட்டு பேன்ட்டுக்கு ஜிப் மாத்தக் குடுத்தேன்," என்று மூணு சொன்னாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். "பெரியம்மா பாக்காம இருக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். ஊர் உலகத்து விஷயம் எல்லாம் கேப்பாங்களே."

பார்த்தேன். அதுதான் வித்தியாசம். தங்கச்சி பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அட்டையைத் திருப்பி, எழுத்துக்கூட்டி, என்னவோ வலி மாத்திரை என்று நினைத்தேன். சின்னப் பெண்ணுக்கு எதற்கு என்று ஒரு நிமிஷம் தோன்றவும் செய்தது. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பானேன் என்று கவரில் போட்டேன். ஊரில் உள்ள எல்லார் விஷயத்திலும் நுழைகிற மூக்கு, அன்றைக்குப் பார்த்து மரியாதை கற்றுக்கொண்டது. இதை அப்போது சொல்லியிருக்கவேண்டும். "ஆமா, நான்தான்," என்று மட்டும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

தங்கச்சி என்னைத் திட்டவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கப் போகிறாள், இப்போது கேட்டுவிடுவாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. வாய் இரண்டு தரம் திறந்து மூடியது.

"சாப்பிடறியா?" என்றாள்.

கேட்டபிறகுதான் அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூணு தட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். பாதிதான் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை மூன்று பேரும் டாக்டரிடம் போனார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், வாரம் ஒரு நாள் வந்து பேச வேண்டும், ஒரேயடியாகச் சரியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம், வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாம் பூட்டுக்குள் போகட்டும் என்றாராம். போவதற்கு முன் தங்கச்சி ஒன்பதாவது கவரையும் எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலும் அதை வைத்துக்கொண்டுதான் பேசினாளாம். "என் கையெழுத்துதான் டீச்சர், நான்தான் திருப்பித் திருப்பிக் குடுத்திருக்கேன்" என்று சொல்லி, கடைச் சட்டத்தை விளக்கியிருக்கிறாள். டீச்சருக்குப் புரிந்ததா என்று கேட்டேன். "அவங்க தலையாட்டினாங்க. எனக்கே புரியல, அவங்களுக்கு என்ன புரிஞ்சிருக்கும்," என்றாள். அந்த டீம் பெண்ணின் வீட்டிலும் பள்ளிக்கூடம் பேசியதாகச் சொன்னார்கள்.

நீராவி தகர டப்பாவை என்னிடம் கொண்டுவந்தான்.

"உங்க மெஷின் டிராயர்ல போட்டுப் பூட்டுங்க அக்கா. வேணும்னா உங்களைக் கேக்கறேன்."

"தூக்கிப் போட்டுடறதுதானே?"

"இடுப்பு நிஜமாவே வலிக்குது அக்கா. என்ன பண்றது?"

டப்பாவை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினேன். அவன் வந்து கேட்கும்போதெல்லாம், எங்க வலிக்குது, எப்பலேருந்து, நேத்து எத்தனை போட்ட என்று நான் கேட்பேன். எரிச்சலாகிப் பாதி நாள் திரும்பிப் போய்விடுவான். சாயந்தரம் தரையில் துணி விரித்துக் கால் நீட்டி உட்கார்ந்து இடுப்பைத் தானே பிடித்துவிட்டுக்கொள்வான். மகள் பார்க்கும்படி வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் செய்தான். அது நல்லதா என்று எனக்குத் தெரியாது.

பதிமூன்று பாக்கெட்டையும் நான் பிரித்தேன். தைக்க ஒரு சாயந்தரம் ஆனது, துணி கிழியாமல் பிரிக்க இரண்டு நாள். மூணு ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் துணுக்குகளைப் பொறுக்கினாள். ஏதாவது கேட்கலாம் என்று தோன்றியது. முட்டி எப்படி இருக்கு என்றேன். நல்லாருக்கு என்றாள். கொஞ்சம் கழித்து, தூக்கம் வரமாட்டேங்குது பெரியம்மா என்று அவளாகவே சொன்னாள். எனக்கும்தான் என்றேன்.

மூன்று வாரம் போனது. மழை நின்று, வெயில் ஏறி, வெள்ளிக்கிழமை சாயந்தரக் கூட்டம் கல்லாவை நெருக்கியது. ஆறு பேர் நிற்கிறார்கள். மெஷின்கள் ஓடுகின்றன. தங்கச்சி வீட்டுத் துணி மூட்டையை அவிழ்த்தாள். ஒன்றாம் எண் சட்டை, கை உள்ளே போய் வெளியே வந்தது. மூன்றாம் எண் விளையாட்டு பேன்ட். கை உள்ளே போனது. எதையோ எடுத்தது. இன்னொரு கை கவர்ப் பெட்டிக்குப் போய் ஒரு கவரை உருவியது. பேனாவை எடுத்தாள். மூன்றின் மேல் வளைவு வரை எழுதினாள். அங்கே நின்றது பேனா.

நான் என் இடத்திலிருந்தே பார்த்தேன். மாத்திரை அட்டை. பழைய அதே நிறம்.

அவள் கவரைக் கல்லா மேல் விட்டுவிட்டாள். அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, நிற்கிற ஆறு பேரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் படி ஏறினாள். நீராவி பிரஸ்ஸை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ இரு."

"திரும்ப ஆரம்பிச்சிட்டாளா அக்கா?"

"தெரியல. நீ போனா கத்துவ. இரு."

"எவ்வளவு நேரம்மா?" என்றார் முன்னால் நின்றவர், டோக்கனை ஆட்டிக்கொண்டு.

"ஆகும்," என்றேன். "அவசரம்னா நாளைக்கு வாங்க."

மேலே கத்தல் இல்லை. தங்கச்சியின் குரல் கேட்டது. சின்னதாக ஒரு கேள்வி. பிறகு மகளுடைய குரல், நீளமாக. பிறகு இன்னொரு கேள்வி. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. உலர்த்துகிற மெஷின் சத்தத்தை அன்றைக்கு வைத மாதிரி நான் என்றைக்கும் வைததில்லை. அரை மணிக்கு மேல் ஆனது. இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தங்கச்சி இறங்கி வந்தாள். அட்டை இன்னும் கையில்தான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயைப் பார்த்தோம்.

"நேத்து அந்த டீம் பொண்ணு பழையபடி குடுத்தாளாம். வேணாம்னு சொல்ல முடியல, வாங்கிட்டேன்னா. ரெண்டு காலியா இருக்கேன்னேன். ஒண்ணு போட்டேன்னா. இன்னொண்ணுன்னு கேட்டேன். கழிவறையில போட்டேன்னா."

"நம்பறியா?" என்றான் நீராவி.

"தெரியலங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட அவளே சொல்றேன்னிருக்கா. நானும் கூட வரேன்னேன்." என் பக்கம் திரும்பினாள். "இது நல்லதா அக்கா, கெட்டதா? மூணு வாரம் கழிச்சுத் திரும்பப் போட்டிருக்கா. ஆனா பாக்கெட்டுல விட்டிருக்கா. எனக்கு ஒண்ணும் புரியல."

"எனக்கும் புரியல தங்கச்சி."

"ஒண்ணு சொன்னா. ஏன்டி இவ்வளவு சீக்கிரம் கட்டில்ல உக்காந்திருக்கேன்னு கேட்டேன். துணி மூட்டையை அஞ்சு மணிக்கே கீழ வெச்சுட்டாளாம். அப்பலேருந்து அங்கயே உக்காந்திருக்கா. படியில யாராவது ஏறி வராங்களான்னு கேட்டுக்கிட்டு."

கடிகாரத்தைப் பார்த்தேன். தங்கச்சி படி ஏறும்போது ஏழு அடித்திருந்தது.

தங்கச்சி கல்லாவுக்கு வந்தாள். பாதி எழுதின கவரைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, முகத்தைத் துடைத்துவிட்டு, முன்னால் நின்றவரிடம் கையை நீட்டினாள்.

"டோக்கன் குடுங்க. பொண்ணு பேசிட்டிருந்தா, அதான் லேட்டு."